ஆறு எழுத்துக்கும் ஒரே ஈ

"நல்லா பெரிசா, ஆ-ன்னு," என்கிறார் டாக்டர் காஜா மைதீன். திறக்கிறேன். இதற்கு மேல் திறந்தால் தாடை கழன்றுவிடும். நேற்று சாயங்காலம் இந்த வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கு வெறும் பல்வலியோடு மட்டும் இந்த நாற்காலியில் சாய்ந்திருப்பேன். இப்படி நெஞ்சு கொதிக்க, நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டியிருந்திருக்காது. "டென்ஷன் ஆகாதீங்க மேடம், சின்ன ஊசிதான்." ஊசிக்கு இல்லை டாக்டர். ஊசிக்கெல்லாம் பயப்படுகிற ஆள் நான் இல்லை, சைலஸ் பிறந்தபோது வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள், அன்றைக்குக்கூட இப்படிக் கையை முறுக்கவில்லை. அந்தச் சைலஸ்தான் நேற்று எல்லோர் முன்னாலும் "அம்மா, போதும்மா, இங்கிலீஷ்ல பேசுங்க" என்று சொன்னது. யாரிடம் சொல்கிறான்? இதே பாளையங்கோட்டையில் செமினரியில் முப்பது வருஷமாகக் கிரேக்கம் சொல்லிக்கொடுக்கிறவளிடம். கிரேக்கம் என்றால் பழைய கிரேக்கம், அதுதான் கிரேக்கம், மற்றது அதன் மிச்சம். அந்த மிச்சத்தைப் பேசுகிற ஒருவன் நேற்று என் கிரேக்கத்தைக் கேட்டுவிட்டு இது இந்தியாவில் பேசுகிற பாஷையா என்று கேட்டான். கேட்டார். சம்பந்தி ஆகப்போகிறவர், மரியாதையாகவே சொல்கிறேன். கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். ஊசி ஈறில் இறங்குகிறது, கசப்பாக ஒன்று தொண்டைக்குப் போகிறது, விழுங்குகிறேன், நேற்று விழுங்கினதைவிட இது ஒன்றும் அதிகக் கசப்பு இல்லை.

கிரேக்க நாட்டில் பிரேயாஸ் என்ற துறைமுகத்தில் சைலஸ் கப்பல் இன்ஜின் பழுதுபார்க்கிற கம்பெனியில் இருக்கிறான். பிரேயாஸ் என்பது அவர்கள் சொல்கிற பெயர். எழுத்தில் பேய்ராயேஉஸ் என்றுதான் இருக்கிறது, இன்றைக்கும் அகராதியில் அப்படித்தான், பாதி எழுத்தை வாயிலேயே கரைத்துக் குடித்துவிட்டுப் பிரேயாஸ் என்கிறார்கள். அங்கே அவன் பார்த்து வைத்திருக்கிற பெண்ணின் பெயர் முதல் தடவை போனில் கேட்டபோது எனக்குப் புரியவே இல்லை, ஃபொத்தினி என்றான், எழுதி அனுப்புடா என்றேன், அனுப்பினான், பார்த்ததும் உடம்பெல்லாம் பூரித்துப்போயிற்று, எவ்வளவு அழகான பெயர், ப்ஹோத்தேனே, ஒளியுள்ளவள், ஓ நெடில், இரண்டு ஏ, முதல் எழுத்தில் ப-வுக்குப் பின்னால் ஒரு மூச்சு. அந்தப் பெயரில் இருக்கிற ஒவ்வொரு உயிரையும் சப்பையாக்கி ஃபொத்தினி. என் நாத்தனார் ரோஸலின் விடுவாளா, "என்ன மதினி, மருமவ பேரு பொத்தினியா, வாயைப் பொத்தினியா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். சரி, சிரிக்கட்டும். நானே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன், சம்பந்தி வீட்டாரோடு முதல் பேச்சை நான் கிரேக்கத்தில் பேசுவேன் என்று, அதற்காகவே ரோஸலின் குரும்பூரிலிருந்து வந்தாள், அவள் மகள் வந்தாள், அவளுடைய மாமியார் வந்தாள், ஹாலில் டி.வி.யில் வீடியோ காலை இணைத்து எல்லோரும் பாய் போட்டு உட்கார்ந்தோம், நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டேன். திரையில் அவர்கள் வீட்டு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஃபொத்தினி, அவள் அம்மா வசிலிகி, அப்பா ஸ்பீரோஸ், பக்கத்தில் என் மகன், அங்கேயே பிறந்து வளர்ந்தவன் போல உட்கார்ந்திருக்கிறான். எழுந்து நின்றேன். ஹேமேஸ் ஹுமாஸ் தெக்ஹோமெத்ஹா. நாங்கள் உங்களை வரவேற்கிறோம். எந்த அசையில் குரல் ஏற வேண்டுமோ அதில் ஏற்றி, எதில் ஏறி இறங்க வேண்டுமோ அதில் இறக்கி, அந்த மொழி பாட்டு மாதிரி இருந்த காலத்தில் எப்படிச் சொல்லியிருப்பார்களோ அப்படிச் சொன்னேன். வாரக்கணக்கில் சமையலறையில் சொல்லிப் பார்த்தது. அந்த அம்மாள் கண்ணை இரண்டு தடவை கொட்டினாள். நான் அடுத்த வரிக்குப் போனேன். அதற்கடுத்த வரியில், உங்கள் மகள் எங்கள் வீட்டின் ஒளி என்று அந்தப் பெயரை வைத்து அழகாக ஒரு வாக்கியம், அதை நான் முடிப்பதற்குள் அந்த மனுஷர் சைலஸ் பக்கம் சாய்ந்து கேட்டார், இந்திகா ஈனே? அன்றைக்கு அவர்கள் பேசினதிலேயே எனக்குப் புரிந்த ஒரே வாக்கியம் அதுதான். இந்திய மொழியா இது? எனக்குப் புரிந்துவிட்டது என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. சைலஸ் காதுமடல் சிவக்க அவரிடம் ஏதோ சொன்னான், சொன்னதும் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது, வாயைக் கையால் மூடிக்கொண்டார், மூடிய கைக்குள்ளிருந்தும் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. "அம்மா, போதும்மா."

"மரத்துப்போச்சா மேடம்? இங்கே தட்டினா தெரியுதா?" தலையை ஆட்டுகிறேன். உதட்டில் பாதி இல்லை. நாக்கின் வலது பக்கம் யாருடைய நாக்கோ போல வாய்க்குள் கிடக்கிறது. "வலிச்சா கையெத் தூக்குங்க," என்கிறார், நர்ஸ் உறிஞ்சுகுழாயை உதட்டோரம் மாட்டுகிறாள், பல்லைக் குடைகிற சின்ன மிஷின் உயிர் பெற்றுக் கத்துகிறது, ஈஈஈ. கடவுளே, அதே சத்தம். அவர்களுக்கு எல்லாமே ஈதான். பழைய கிரேக்கத்தில் இ ஒரு எழுத்து, ஏத்தா ஒரு எழுத்து, உதட்டை உ-வுக்குக் குவித்துக்கொண்டு உள்ளே நாக்கை ஈ-க்கு வைத்துச் சொல்ல வேண்டிய உப்சிலோன் ஒரு எழுத்து, இரண்டிரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுகிற இன்னும் மூன்று, ஆக ஆறு. ஆறுக்கும் ஆறு சத்தம். ஆறு பிள்ளை பெற்ற வீட்டில் ஆறு பெயர் வைக்க மாட்டார்களா? இவர்கள் ஆறையும் ஈ என்றே கூப்பிடுகிறார்கள். எழுத்தின் பெயரையே மாற்றிவிட்டார்கள், ஏத்தா ஈத்தா ஆகிவிட்டது, பேத்தா வீத்தா. பேத்தாவையும் ஏத்தாவையும் சேர்த்து பே என்று எழுதினால் அது ஆடு கத்துகிற சத்தம், அந்தக் காலத்துக் கிரேக்கர்களே அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். இவர்கள் கணக்குப்படி அதை வாசித்தால் வீ. எந்த ஊரில் எந்த ஆடு வீ வீ என்று கத்தும்? சமாதானபுரத்து முக்கில் கட்டியிருக்கிற ஆட்டைக் கேட்டாலே தீர்ப்பு சொல்லிவிடும். ஹ-வையே காணோம், சத்தத்தில் செத்துப்போன எழுத்துக்கு அடையாளமாக ஒரு சின்னக் கொக்கி இருந்தது, எண்பதுகளில் அவர்கள் அரசாங்கம் சட்டம் போட்டு அதையும் எடுத்துவிட்டது. குறிலும் போச்சு நெடிலும் போச்சு. ஜெர்மன்காரனுக்கும் இங்கிலீஷ்காரனுக்கும் குறில் எ-வும் நெடில் ஏ-வும் சொல்லிக்கொடுக்க உயிர் போகும், அவனவன் புத்தகத்தில் அதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறான், நம் பிள்ளைகளுக்கு அது ஒன்றாம் வகுப்புப் பாடம், எ ஏ, ஒ ஓ, முதல் நாள் வகுப்பிலேயே நான் சொல்லிவிடுவேன், உங்கள் வாய் இதற்கென்றே செய்தது என்று. யவனர் என்கிறோமே, அதில் இருக்கிற வ-வைக் கிரேக்கர்கள் தங்கள் வாயிலிருந்து எப்போதோ தொலைத்துவிட்டார்கள், நம்மிடம் இருக்கிறது. பஞ்சாங்கத்தில் குரு ஓரை சுக்கிர ஓரை என்று பார்க்கிறார்களே, அந்த ஓரை அவர்களுடைய சொல், அந்த நெடில் ஓ நம்மிடம் பத்திரமாக இருக்கிறது, அவர்கள் ஒரா என்று நறுக்கிவிட்டார்கள். இதையெல்லாம் யாரிடம் சொல்ல? வீடியோ கால் முடிந்து எல்லோரும் காபி குடிக்கிறபோது சைலஸ் தனியாகப் போனில் கூப்பிட்டு என்ன சொன்னான் தெரியுமா, "அம்மா, நீங்க பேசுறது யாரோ ஹாலந்துக்காரன் ஐந்நூறு வருஷம் முந்தி உட்கார்ந்து யோசிச்ச உச்சரிப்பாம், நிஜ கிரீக் இல்லையாம், இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." எல்லாரும். என் வீட்டில் என் சோற்றைத் தின்று வளர்ந்தவன், "அவங்க" என்று சொல்ல வேண்டியவர்களை எல்லாரும் என்கிறான். கல்வெட்டில் தப்புத்தப்பாக எழுதினவன் எழுத்துப்பிழையிலிருந்து எந்த நூற்றாண்டில் எந்தச் சத்தம் செத்தது என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்களே, அதெல்லாம் ஹாலந்துக்காரனின் கனவா? ஈஈஈ. கொஞ்சம் நிறுத்துங்கள் டாக்டர்.

நிறுத்துகிறார். "கொப்புளிச்சிட்டு வாங்க." கொப்புளிக்கிறேன், தண்ணீர் பாதி உதட்டின் வழியாகச் சட்டென்று வெளியே கொட்டுகிறது, நர்ஸ் துண்டு தருகிறாள், வெட்கமாக இருக்கிறது, மறுபடி சாய்கிறேன். டாக்டர் சொன்ன வார்த்தை ஒன்று எங்கேயோ முள்ளாக மாட்டிக்கொண்டிருக்கிறது, என்னது அது. கையெ. கையெத் தூக்குங்க. கையை என்று எழுதுகிறோம். ஐ போய் எ ஆகிவிட்டது. கிரேக்கத்திலும் அதேதான், எழுத்தில் ஐ, வாயில் எ, ஆமாம் என்பதற்கு அவர்கள் நை என்று எழுதி நே என்கிறார்கள், அதை நான் வகுப்பில் எவ்வளவு கேலி பேசியிருக்கிறேன். பேசிவிட்டு வெளியே வந்து மழெ வருது குடெயெ எடு என்றிருப்பேன். சீ, அது வேறு இது வேறு. எப்படி வேறு? வேறுதான். நாம் எழுதுகிறபோது சரியாக எழுதுகிறோம், மேடையில் சரியாகப் பேசுகிறோம். அவர்களும் சரியாகத்தானே எழுதுகிறார்கள். ஆசீருக்கு, என் வீட்டுக்காரருக்கு, ழ வராது, கல்யாணமான நாளிலிருந்து வாளப்பளம்தான், ஒருநாள் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன், மனுஷன் நல்லவர் என்று. நேற்றும் அவர்தான் சமாதானம் சொன்னார், "விடுட்டி யூனிசு, அவரு என்ன படிச்ச ஆளா, பெயிண்ட் கடெ வச்சிருக்காரு, அவருக்கு என்ன தெரியும்." அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. படித்தவனோ படிக்காதவனோ, ஒரு பொம்பளை எழுந்து நின்று உன் பாட்டன் பூட்டன் பேசின பேச்சைப் பேசுகிறாள், எங்கேயோ கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கற்றிருக்கிறாள், அதற்கு ஒரு மரியாதை இல்லையா? ஒரு வெள்ளைக்காரன் வந்து நின்று நம் ஊரில் சங்கத்தமிழ் சொன்னால் நாம் சிரிப்போமா? மாலை போடுவோம், பேப்பரில் போட்டோ போடுவோம். பாதி புரியாவிட்டாலும் கண்ணை மூடித் தலையை ஆட்டுவோம். ரோஸலின் சிரிப்பாள். ஆமாம், ரோஸலின் சிரிப்பாள். நேற்றே கேட்டாளே, "மதினி, நீங்க பேசினது அவியளுக்கே புரியலையாமே, அப்பம் இவ்வளவு நாளா எந்த ஊரு கிரீக்கச் சொல்லிக் குடுத்திய?" அவள் மகளின் மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எந்த ஊர்? எந்த ஊரிலும் இல்லாத கிரேக்கம். எனக்குச் சொல்லிக்கொடுத்த ஃபாதர் ஜெர்மனியில் கற்றவர், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் ஜெர்மன், யாருமே ஒரு கிரேக்கனிடம் தண்ணீர் கொடு என்று கேட்டதில்லை. முப்பது வருஷம் நான் ஒரு மொழியைப் பேசியிருக்கிறேன், ஒரு உயிருள்ள ஆள்கூட அதில் எனக்குத் திருப்பிப் பதில் சொன்னதில்லை. மாணவர்கள் வாசிப்பார்கள், பரீட்சை எழுதுவார்கள், போய்விடுவார்கள். நேற்றுத்தான் முதல் தடவையாக, பதில் வரும் என்று நினைத்துப் பேசினேன். அவர்களுக்குப் புரியாது என்று எனக்குத் தெரியாதா, வித்தியாசமெல்லாம் பலகையில் கட்டம் போட்டு நானே எழுதிப்போடுகிறவள்தானே. தெரியும். தெரிந்தும், ரத்தம் ரத்தம்தானே, எங்கேயாவது காதுக்குள் ஒரு மூலையில் அடையாளம் தெரியாமலா போய்விடும், ஒரு சொல், ஒரே ஒரு சொல் பிடிபட்டு முகம் மலராதா என்று.

"முடிஞ்சிடுச்சு மேடம், இன்னும் கொஞ்சம்தான், வேர்ல இருந்த நரம்பெ எடுத்தாச்சு, இனி அந்தப் பல்லு வலிக்காது." அதாவது செத்த பல். உயிர் இருக்காது, இடத்தில் இருக்கும், பார்க்க நன்றாக இருக்கும், கடிக்கலாம். நான் சொல்லிக்கொடுக்கிற மொழி மாதிரி என்று ரோஸலின் இருந்தால் சொல்லியிருப்பாள், சொல்லட்டும், எல்லோரும் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும். எனக்குள்ளே ஓடுகிற பயம் வேறு. அவர்களுக்கு ஒரு குழந்தை பிறக்கும். அது அங்கேதான் வளரும். தமிழ் தெரியாது, சைலஸ் சோம்பேறி, சொல்லிக்கொடுக்க மாட்டான். இங்கிலீஷ் கொஞ்சம். அது வாயைத் திறந்து ஈ ஈ என்று பேசும், நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன், முப்பது வருஷம் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தவள், அந்தப் பிள்ளை கிரேக்கத்தில் என்னவோ கேட்கும், எனக்குப் புரியாது, அது அப்பா பக்கம் திரும்பி இந்திகா ஈனே என்று கேட்கும். டாக்டர் மெழுகு மாதிரி ஒன்றை வைத்து அழுத்துகிறார். "ஈ-ன்னு காட்டுங்க மேடம். பல்லு கூடுதான்னு பாக்கணும். ஈ." மாட்டேன். "ஈ சொல்லுங்க மேடம்." நீங்களுமா டாக்டர்? காட்டுகிறேன். கண்ணோரம் தண்ணீர் வழிகிறது, வலி என்று நினைத்துக்கொண்டு நர்ஸ் ஒற்றி எடுக்கிறாள்.

வெளியே வரவேற்பறையில் ஆசீர் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாலைந்து பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். "டாக்டர் ஒரு மணி நேரம் பேசக்கூடாதுன்னாரா?" என்கிறார். தலையை ஆட்டுகிறேன். "நல்லதாப் போச்சு, சைலஸு ரெண்டு தடவ கூப்ட்டுட்டான், நீ கோவமா இருக்கேன்னு சொன்னேன், பேசணுங்கான்." அவர் கையிலேயே போன் மறுபடி அடிக்கிறது. வாங்கிக்கொள்கிறேன். பேச மாட்டேன், கேட்கிறேன், அவ்வளவுதான்.

"அம்மா." அங்கே இப்போதுதான் காலை. பின்னால் தட்டு முட்டும் சத்தம். "அம்மா, லைன்ல இருக்கீங்களா? ஃபொத்தினி பேசணும்கிறா." "அத்தே," என்கிறது ஒரு புதுக்குரல். அத்தை இல்லை, அத்தே, இவளும் ஐ-யை எ ஆக்கிவிட்டாள், யார் சொல்லிக்கொடுத்தது, சைலஸ்தான், நம் வீட்டுப் பேச்சைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான். பிறகு இங்கிலீஷில் பேசுகிறாள், மெதுவாக, ஒவ்வொரு வாக்கியத்தையும் யோசித்து எடுத்து வைக்கிற மாதிரி. "என் அப்பா நேற்று ராத்திரி சாப்பிடவில்லை. அவர் உங்களைப் பார்த்துச் சிரித்தார் என்று அம்மா திட்டினாள். அவர் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவருக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்." எதற்குப் பயம் என்று கேட்க வாயெடுக்கிறேன், எதுக்கு என்பது என் பாதி உதட்டில் வேறு என்னவோவாக விழுகிறது. அவளுக்குப் புரிந்துவிடுகிறது. "நீங்கள் கிரேக்கப் பேராசிரியர் என்று சைலஸ் சொல்லியிருந்தான். நீங்கள் எழுந்து நின்றீர்கள். பேச ஆரம்பித்தீர்கள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்திய மொழியோ என்று நினைத்தார். சைலஸ் இது பழைய கிரேக்கம் என்று சொன்னதும், அவ்வளவுதான், பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிட்டது."

பிறகு அவள் அப்பா பேசுகிறார், அவள் இடையிடையே இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வருகிறாள். அவருடைய ஊரில் ஒரு வாத்தியார். தினமும் சொல்வதெழுதுதல். வாத்தியார் ஈ என்பார், பிள்ளைகள் எந்த ஈ என்று தெரிந்து எழுத வேண்டும். ஆறில் எது? கேட்கிற சத்தம் ஒன்றுதான். தப்பான ஈ-க்கு உள்ளங்கையில் ஒரு அடி, ஒலிவ மரத்து ரூல்தடி. சத்தமே இல்லாத ஹ-வுக்குக் கொக்கி போட மறந்தால் அடி. குரல் ஏறாத இடத்தில் ஏறுகிறது என்று குறி போட வேண்டும், மாற்றிப் போட்டால் அடி. ஸ்பீரோஸ் கையை நீட்டும்போதே சிரித்துவிடுவார், பயத்தில். சிரித்ததற்கு இன்னும் அடி. விரல் வீங்கி ரொட்டியைப் பிய்க்க முடியாமல் அவருடைய அம்மா ஊட்டிவிட்டிருக்கிறாள். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர் சித்தப்பாவின் பெயிண்ட் கடையில் போய் நின்றார், இன்றைக்கும் கடைப் பெயர்ப்பலகையில் எந்த ஈ என்று மகளிடம் கேட்டுத்தான் எழுதுகிறார். அந்தக் குரல் தயங்கித் தயங்கி வருகிறது, கரகரப்பாக, நடுநடுவே எனக்கு ஒரு சொல் புரிகிறது, கை, பிள்ளை, எழுத்து. எழுத்து என்ற சொல் மட்டும் அப்படியே இருக்கிறது. கிரம்மா. பழைய சொல்தான், முதல் எழுத்துத்தான் தொண்டையில் உரசிக்கொண்டு வருகிறது, மகன் என்னும்போது நடுவில் வருகிற நம் க மாதிரி.

"நீங்கள் எழுதி அனுப்பியிருந்த பேச்சைச் சைலஸ் வைத்திருந்தான்," என்கிறாள். "காலையில் அப்பா அதைக் கேட்டு வாங்கி வாசித்தார். கண்ணுக்குக் கொஞ்சம் புரிகிறது, காதுக்குத்தான் புரியவில்லை என்கிறார். முதல் வரியில் ஒரு சந்தேகம்." அவரே வாசிக்கிறார், இமீஸ் இமாஸ். அவருடைய வாயில் நாங்கள் என்பதும் நீங்கள் என்பதும் ஒரே மாதிரி இருக்கிறது, அவர் வாசித்தால் நாங்கள் எங்களை வரவேற்கிறோம் என்றும் வருகிறது, நீங்கள் உங்களை என்றும் வருகிறது. யார் யாரை வரவேற்கிறார்கள் என்று கேட்கிறார். இதற்காகத்தான் ஐயா, இதற்காகத்தான் அந்த ஏத்தாவும் உப்சிலோனும். ஹேமேஸ், ஹுமாஸ். சொல்லிக்காட்ட உதட்டைக் குவிக்கிறேன், குவிய மாட்டேன் என்கிறது, எச்சில்தான் வருகிறது, ஏ என்று நினைத்தது ஏதோ ஊளையாக முடிகிறது. எதிரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற அம்மாள் என்னையே பார்க்கிறாள். ஆசீர் என் முழங்கையைத் தொட்டு, "பேசாதட்டி, தையலு கியலு பிரிஞ்சிரப் போவுது," என்கிறார். தையலே போடவில்லை.

ஆனால் எனக்கு அடக்க முடியவில்லை. இங்கிலீஷில் சொல்கிறேன், பாதி வாயில், ஒவ்வொரு சொல்லையும் பல்லால் பிடித்து இழுத்து வெளியே தள்ளுகிற மாதிரி. உன் அப்பாவிடம் சொல்லு, அந்த ஆறும் ஒரு காலத்தில் ஆறு சத்தம். செத்து ஆயிரம் வருஷத்துக்கு மேலே ஆச்சு. உன் அப்பாவின் காதில் ஒரு குறையும் இல்லை. அந்த வாத்தியாருக்கும் அது கேட்டிருக்காது. அவன் வாயிலும் ஒரே ஈதான் வந்திருக்கும். தனக்கே கேட்காத ஒன்றுக்காக, தன் வாயிலேயே வராத ஒன்றுக்காக, ஒரு சின்னப் பையனின் கையை உடைத்திருக்கிறான். சொல்லு அவரிடம். நான் சொன்னேன் என்று சொல்லு. கிரேக்கப் பேராசிரியர் சொன்னாள் என்று சொல்லு. குரல் உயர்ந்துவிட்டது, கம்பவுண்டர் சன்னலில் எட்டிப் பார்க்கிறார், பார்க்கட்டும். நேற்றிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது எல்லாம் இப்போது எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் ரூல்தடியோடு நிற்கிற அந்த ஆளின்மேல் போய் விழுகிறது, அவன் செத்து எத்தனை வருஷமோ, செத்தாலும் விடுவதாக இல்லை.

அவள் அப்பாவிடம் சொல்கிறாள். நீளமாகச் சொல்கிறாள். தட்டுச் சத்தம்கூட நின்றுவிட்டது. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன். பிறகு அந்த மனுஷர் ஒரு சொல் சொல்கிறார். ஒரே ஒரு சொல், அடிவயிற்றிலிருந்து. பின்னால் அவருடைய மனைவி "ஸ்பீரோ!" என்று அதட்டுகிறாள், சைலஸ் சிரிக்கிறான்.

"என்ன சொன்னார்?"

"அத்தே, அது... அந்த வாத்தியாரைச் சொல்கிறார். கழுதை என்று."

கழுதைக்கு எனக்குத் தெரிந்த கிரேக்கச் சொல் வேறு. ஒனொஸ். அது எல்லா அகராதியிலும் இருக்கும். இவர் சொன்னது என் புத்தகம் எதிலும் இல்லை, எப்போதோ எங்கிருந்தோ வந்து இவர்கள் வாயில் ஒட்டிக்கொண்ட சொல். இன்னொரு தடவை சொல்லச் சொல்லு என்கிறேன். அவள் தயங்குகிறாள். "சொல்லச் சொல்லும்மா." அவர் சொல்கிறார், இந்தத் தடவை எனக்காக, அசை அசையாகப் பிரித்து. கய்-தூ-ரி. த கடினமாக இல்லை, அது என்று சொல்கிறபோது நாக்கு பல்லை லேசாகத் தொட்டுவிட்டு விலகுமே, அந்த த. கடைசியில் இருக்கிறது இ. ஆறில் எந்த இ என்று நான் கேட்கவில்லை.

"கய்தூரி," என்கிறேன்.

"நே, நே!" என்கிறார் அந்தப் பக்கம். ஆமாம், ஆமாம். பிறகு கடகடவென்று பேச ஆரம்பித்துவிடுகிறார், மகள் மொழிபெயர்க்கிறதுக்குக்கூட இடம் கொடுக்காமல், என்னிடமே, அந்த வாத்தியாரின் பெயர், அவனுடைய மீசை என்று நினைக்கிறேன், ஏதோ ஒரு மாட்டுவண்டி அல்லது மிதிவண்டி, பத்தில் ஒன்று பிடிபடுகிறது, ம், ம் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

"யாரெட்டி வைதுக்கிட்டு இருக்கிய ரெண்டு பேரும்?" என்கிறார் ஆசீர்.

"ஒழு வாத்தியாழை," என்கிறேன். நாக்கு அப்படித்தான் புரள்கிறது. உதட்டோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, போனை இன்னும் காதோடு அழுத்தி, அந்தக் கழுதை வார்த்தையை மறுபடி சொல்கிறேன், இந்தத் தடவை சத்தமாக.